தசை வளர எது சிறந்த வழி?

தோட்டத்து இளைஞர் பலர் மாலையில் பளுப்பயிற்சி செய்கின்றனர். பளுவை இடைவிடாது பல தடவை தூக்கி இறக்குவதை ஒரு சுற்று என்போம். ஓரிரு சுற்றுகளே செய்து, இனித் தூக்க இயலாது என்னும் எல்லைவரை முயல்வது ஒரு வழி. 1970களில் அமெரிக்கரான ஆர்தர் ஜோன்ஸ் இதனைப் பரப்பினார். பல சுற்றுகள் செய்வது மற்றொரு வழி. 1970 முதல் 1975 வரை ஆண்டுதோறும் மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வென்ற அர்னால்டு சுவார்ஸ்நெகர் பின்பற்றியது இதுவே.

ஒரு தசைக்கு வாரம் 10 சுற்றுகளும் அதற்கு மேலும் செய்வோர்க்கு வளர்ச்சி மிகுதி என 2017இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு காட்டியது. ஆயினும், 5 சுற்றுகளுக்குக் குறைவாகச் செய்தோர்க்கும் தசை வளர்ந்தது.

விடியற்காலையில் பால்மரம் சீவி, வாளி சுமந்து திரும்பும் உடல் முன்னரே உழைத்த உடலாகும். ஆகவே, புதிதாகத் தொடங்குவோர் ஒவ்வொரு தசைக்கும் வாரம் இருமுறை, முறைக்கு 2 சுற்றுகள் செய்தல் போதும். இன்னும் இரு தடவையே தூக்க இயலும் என்னும் நிலையில் சுற்றை நிறுத்துக. உடல் பழகியபின் சுற்றுகளைச் சிறிது சிறிதாகக் கூட்டுக. மூட்டு வலித்தாலும் உறக்கம் கெட்டாலும் குறைத்துக் கொள்க.

முட்டை, நெத்திலி, பருப்பு ஆகியவற்றை நாள்தோறும் உண்பதும் இன்றியமையாதது. மறுநாள் கத்தி பிடிக்க இயலாதவாறு கையை அயர்த்தும் பயிற்சி நமக்கு நன்மை தாராது.