அம்மாவின் மறதிக்குக் காரணம் என்ன?



மார்பகப் புற்றுநோய்க்காக என் அம்மாவுக்குக் கீமோதெரபி கொடுத்தார்கள். சிகிச்சை முடிந்து தலைமுடி வளரத் தொடங்கியதும், "அப்பாடா, எல்லாம் முடிஞ்சது" என்று நினைத்தோம். ஒரு வெள்ளிக்கிழமை பூஜையில், சிறுவயதிலிருந்து பாடிவரும் தேவாரம் பாதியில் நின்றுவிட்டது. "என்னம்மா, இதைக்கூடவா மறந்துட்டீங்க?" என்றேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு மூளை கெட்டுப்போச்சோ தம்பி?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. அதன் பிறகுதான் தேடிப் படித்தேன்.

இதை 'கீமோ பிரெய்ன்' என்கிறார்கள். தெரிந்த சொல் நாக்கு நுனியில் நிற்கும், வெளியே வராது. ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்க முடியாது. கவனம் சிதறும்.

காரணம் ஒன்றல்ல. கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குபவை. மூளையிலும் பெருகும் செல்கள் உண்டு. மின்கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல், நரம்பு இழைகளுக்கு மயலின் என்ற உறை இருக்கிறது. உறை கெட்டால் செய்தி மெதுவாகப் போகும். 5-புளோரோயுரேசில், மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் இந்த உறையை உண்டாக்கும் செல்களைப் பாதிப்பதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். டாக்சோரூபிசின் மூளைக்குள் அவ்வளவாக நுழையாது. ஆனாலும் அது உடலில் தூண்டும் அழற்சியின் தாக்கம் மூளைவரை போகும். இரத்தச்சோகை, தூக்கமின்மை, களைப்பு, கவலையும் சேர்ந்துகொள்ளும். சிலருக்குக் கீமோ தொடங்கும் முன்பே மறதி இருக்கும். அப்படியானால் நோய்க்கும் இதில் பங்குண்டு.

பலருக்குச் சிகிச்சை முடிந்த சில மாதங்களில் படிப்படியாகக் குறைகிறது. சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கிறது.

நம் வீட்டில் ஒருவருக்கு இப்படி இருந்தால்:

1. டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இரத்தச்சோகை, தைராய்டு போன்றவை காரணமாக இருந்தால் சரிசெய்யலாம்.
2. ஒரே குறிப்புப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதி வைக்கட்டும்.
3. ஒரு நேரத்தில் ஒரு வேலை போதும்.
4. தினமும் நடக்கத் துணைக்குப் போங்கள். நல்ல தூக்கமும் வேண்டும்.
5. "அதான் சொன்னேனே" என்று சிடுசிடுக்காதீர்கள். கேட்டால் மறுபடி சொல்லுங்கள்.

தொண்டு என்றதும் கோயிலில் அன்னதானம் பரிமாறுவதைத்தான் நினைக்கிறோம். வீட்டில் பொறுமையாக இருப்பதும் தொண்டுதான்.

இப்போது எங்கள் பூஜையறையில் தேவாரப் புத்தகம் திறந்தே இருக்கிறது. அம்மா நிறுத்தினால், அடுத்த அடியை நான் எடுத்துக் கொடுக்கிறேன். அதற்காகவே நானும் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன்.