வெள்ளம் வருமுன் படம்

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு சென்னைக்குள் புகுந்தபோது, மீனவர்கள் தங்கள் படகுகளோடு சகாயத்திற்கு வந்தார்கள். கடலை அறிந்த அவர்களுக்கு நகரத்துச் சந்துகள் பழக்கமில்லை. அந்நாட்களில் தன்னார்வலர் சிலர், எவரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொதுப்படத்தை ஆதாரமாகக் கொண்டு, நீர் சூழ்ந்த தெருக்களை ஜனங்களே குறிக்கும்படி செய்தார்கள். 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நிலநடுக்கத்தால் சிதைந்தபோது, அதன் தலைநகரத்து வீதிகளைப் பல தேசத்தார் இருந்த இடத்திலிருந்தே வரைந்து கொடுத்ததும் இப்பொதுப்படத்தில்தான். ஆயினும், ஆபத்து வந்தபின் அவசரமாக வரைவதைக் காட்டிலும், முன்கூட்டியே ஊரார் கூடி வரைந்து வைப்பதே உத்தமம். அதற்குரிய முறை இது.

1. அடிப்படம்: பொதுப்படத்தில் உங்கள் ஊரைத் திறந்து, விடுபட்ட சந்துகளையும் குடிசைகளையும் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துச் சேருங்கள். தெருப்பெயர்களை நேரில் நடந்து கேட்டு எழுதுங்கள். வானத்திலிருந்து எடுத்த படத்தில் பெயர் தெரியாது.

2. நீரின் வழி: ஏரியின் கலங்கல், மதகு, வாய்க்கால், தரைப்பாலம், ரயில்வே சுரங்கப்பாதை ஆகியவற்றைக் குறியுங்கள். பழைய வெள்ளம் சுவரில் விட்டுப்போன கறை எங்கே என்று முதியவர்களைக் கேட்டால், ஜன்னற்கட்டையைத் தொட்டுக் காட்டுவார்கள். அந்த உயரத்தைத் தெருமட்டத்திலிருந்து அளந்து, ஆண்டோடு எழுதுங்கள்.

3. புகலிடம்: மேட்டிலுள்ள பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் எவையென்றும், அங்கே குடிநீரும் கழிப்பறையும் உண்டா என்றும் குறியுங்கள். நோயாளிகளும் நடக்க இயலாதவர்களும் இருக்கும் வீடுகளைப் பொதுப்படத்தில் இடாமல், பொறுப்பானவரிடம் தனிக் குறிப்பேடாக வைப்பதே நியாயம்.

4. இடக்குறி: அட்சரேகையை முதலிலும் தீர்க்கரேகையை அடுத்தும் எழுதுங்கள். சென்னைக்கு அவை ஏறத்தாழ 13, 80. மாற்றி எழுதினால் வடதுருவத்தை அடுத்த பனிப்பிரதேசத்தில் போய் நிற்கும். புள்ளிக்குப் பின் நான்காம் இலக்கத்தில் ஒன்று பிசகினால் சுமார் 11 மீட்டர் தள்ளிப்போகுமாதலால், ஐந்து இலக்கங்கள் வேண்டும்.

5. நேரமும் சாட்சியும்: வெள்ளத்தின்போது வரும் ஒவ்வொரு செய்தியோடும் மணியையும், சொன்னவர் கண்டவரா கேட்டவரா என்பதையும் எழுதுங்கள். காலை 7 மணிக்கு முழங்காலளவாயிருந்த தெருவில் மாலையில் ஆள் மூழ்கும் ஆழம் இருக்கலாம். சரிபாராத செய்திக்கு வேறு நிறம் இடுங்கள். ரேடார் செயற்கைக்கோள் மேகத்தையும் இருளையும் ஊடுருவிப் பார்க்குமாயினும், நெருங்கிய கட்டடங்களுக்கிடையே நிற்கும் தண்ணீரைத் தவறவிடக்கூடுமாகையால், அங்கு மனிதக் கண்ணே பிரமாணம்.

6. காகிதம்: மின்சாரம் போனால் கைப்பேசிக் கோபுரமும் ஓயும். ஆகவே படத்தை அச்சிட்டு, நனையாதபடி லேமினேஷன் செய்து, பள்ளியிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் படகுக்காரர் கையிலும் கொடுத்து வையுங்கள்; வருஷந்தோறும் ஐப்பசி மழைக்கு முன் ஊரை ஒருமுறை சுற்றிவந்து திருத்துங்கள்.

இவ்வளவையும் செய்து வைத்த ஊருக்கு நள்ளிரவில் படகோடு வரும் அந்நியர், வழி கேட்க ஆளில்லாத இருட்டிலும், கடைசிச் சந்தின் கடைசி வீடுவரை போய்ச் சேருவார்.