மரமேறும் முன்
புனேயின் கோர்படியை அடுத்த எம்பிரஸ் பூங்காவில் முதுமரங்களை அண்ணாந்து நோக்குவோர்க்கு, மாதச் சம்பளத்தைத் துறந்து மரப் பராமரிப்புத் தொழிலை மேற்கொள்ளும் ஆசை எழலாம். அவர்கள் முதலில் கற்க வேண்டியது வெட்டக்கூடாத இடத்தையே என்போம். கிளை தண்டுடன் கூடுமிடத்தில் சற்றுப் புடைத்த வளையம் உண்டு; அதைச் சிதைத்தால் காயம் எளிதில் மூடாது, அழுகல் புகும். பெருங்கிளையாயின், பட்டை கிழியாதிருக்க, முதலில் அடிப்புறம் சிறிது அறுத்து, சற்று அப்பால் மேலிருந்து அறுத்து வீழ்த்துவர்; எஞ்சிய துண்டைப் பின்னர் வளையத்துக்கு வெளியே நீக்குவர். மகாராஷ்டிரத்தின் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நகர மரத்தை வெட்ட முன் அனுமதியும் வேண்டும்.

தவறி வீழ்ந்தால்? ஆண்டுக்கு ரூ.20 செலுத்தும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா, விபத்து மரணத்துக்கு ரூ.2 லட்சம் வழங்குகிறது. முறிந்த கால் கூடும்வரை இழக்கும் வருவாய்க்கு அதில் இடமில்லை. ஆதலின் ஆறு மாதச் செலவைச் சேமிப்பில் ஒதுக்கிய பின்னரே கயிறும் இரம்பமும் வாங்குக.