துணிவும் தெளிவும்

ஹைதராபாத் மாநகரின் வடபகுதியில் அமைந்துள்ள திருமுல்கேரியிலிருந்து சிகந்தராபாத்தின் மையப்பகுதிக்குச் செல்பவர் சில கிலோமீட்டர் தொலைவிலேயே மெகபூப் கல்லூரியை அடைந்துவிடலாம். சோமசுந்தர முதலியார் என்ற தமிழரால் 1862-இல் பள்ளியாகத் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. அன்றாடம் அதைக் கடந்து செல்பவர்களுள் பலரும் அறியாத ஒரு சிறப்பு அதற்கு உண்டு. 1893 பிப்ரவரி 13 அன்று, அங்கே கூடிய ஏறக்குறைய ஆயிரம் பேர் முன்னிலையில் முப்பது வயதுத் துறவி ஒருவர் ஆங்கிலத்தில் உரையாற்றினார். மேலைநாட்டில் தாம் ஆற்ற விரும்பும் பணியே அவ்வுரையின் பொருள். அவரே சுவாமி விவேகானந்தர். ஏழு மாதங்களுக்குப்பின் சிகாகோ சர்வசமயப் பேரவையில் உலகம் கேட்ட குரலை, ஒரு பெரும் பொதுக்கூட்டத்தில் முதலில் கேட்டவர்கள் சிகந்தராபாத் மக்களே.

சுவாமிஜியின் அமெரிக்கப் பயணத்தைத் துணிச்சலுக்கு எடுத்துக்காட்டாகப் பலரும் கூறுவர். அது உண்மையே. ஆனால் அந்தத் துணிவு எத்தகையது, எவ்வாறு படிப்படியாகக் கனிந்தது என்பதை ஆராய்ந்தால்தான் அது நம் வாழ்க்கைக்குப் பயன்படும்.

துணிவு எது, அசட்டுத் துணிச்சல் எது?

அச்சமின்மையைத் தெய்வீகப் பண்புகளுள் முதலாவதாக வைக்கிறது பகவத்கீதை. அதே கீதை, விளைவு, இழப்பு, பிறருக்கு நேரும் துன்பம், தன் ஆற்றல் ஆகிய நான்கையும் கருதாமல் மயக்கத்தால் தொடங்கப்படும் செயலைத் தாமசச் செயல் என்று பதினெட்டாம் அத்தியாயத்தில் ஒதுக்குகிறது. அஞ்சாதே என்று கூறும் நூலே எண்ணாமல் இறங்காதே என்றும் கூறுகிறது. இவ்விரண்டிற்கும் இடையே முரண்பாடு இல்லை. அச்சம் அறிவை மறைப்பது போலவே ஆவேசமும் அறிவை மறைக்கிறது. இரண்டும் நீங்கிய நிலையில் பிறப்பதே உண்மைத் துணிவு.

வள்ளுவரும் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்திருக்கிறார். கீதை கூறும் நான்கு அளவுகோல்களையும் கையில் வைத்துக்கொண்டு சுவாமிஜியின் அந்த ஓராண்டைக் காண்போம்.

1. விளைவு (அனுபந்தம்)

அனுபந்தம் என்பது ஒரு செயலைத் தொடர்ந்து வருவது. இந்தச் செயல் எங்கே கொண்டு சேர்க்கும், எதற்காக இதைச் செய்கிறேன் என்ற கேள்வி இது. 1892 டிசம்பர் இறுதியில் கன்னியாகுமரிப் பாறையில் தியானத்தில் அமர்ந்தபோது, சுவாமிஜியின் உள்ளத்தில் நின்றவர்கள் பசியால் வாடும் இந்திய மக்கள். அவர்களின் உயர்வுக்கு வழி தேடுவதே கடல் கடக்கும் எண்ணத்திற்கு அடிப்படையாயிற்று. புகழோ, புதுமை நாட்டமோ அதன் வேராக இருக்கவில்லை. நோக்கம் தன்னலத்தில் ஊன்றியிருந்தால் முதல் தடையிலேயே துணிவு கலைந்துவிடும்.

2. இழப்பு (க்ஷயம்)

தோற்றுப்போனால் எதை இழக்க நேரிடும்? அதைத் தாங்க முடியுமா? துறவியான சுவாமிஜிக்குத் தமக்கென்று இழப்பதற்கு ஏதுமில்லை. பரிவ்ராஜகராக இந்தியா முழுவதும் அலைந்து, பசியையும் தங்க இடமின்மையையும் பழகியிருந்தார். ஆகவே அன்னிய மண்ணில் கைப்பொருள் கரையலாம் என்ற எண்ணம் அவரைத் தடுக்கவில்லை. நாளைய இழப்பைத் தாங்கும் வலிமை இன்றைய எளிய வாழ்க்கையில்தான் உருவாகிறது. தேவைகளைக் குறைத்துக்கொண்டவனால் துணிந்து முடிவெடுக்க முடியும். வசதிகளுக்கு அடிமையானவனுக்குச் சிறு மாற்றமும் பேரிழப்பாகத் தோன்றும்.

3. பிறருக்கு நேரும் துன்பம் (ஹிம்சை)

இந்த அளவுகோலைத்தான் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். தன் துணிச்சலுக்கு விலை கொடுப்பவர் யார்? சென்னையில் அளசிங்கப் பெருமாள் முதலிய இளைஞர்கள் பயணத்திற்காக முதலில் திரட்டிய தொகையைச் சுவாமிஜி ஏற்கவில்லை. அன்னையின் சித்தம் இன்னும் தெளிவாகவில்லை என்று கூறி, அதனை ஏழைகளுக்கு வழங்குமாறு பணித்தார். ஹைதராபாத்தில் நிஜாமின் மைத்துனரான நவாப் குர்ஷித் ஜா அவருடன் சமயங்களைப் பற்றி உரையாடி மகிழ்ந்து, ஆயிரம் ரூபாய் தர முன்வந்தார். அதையும் சுவாமிஜி பணிவுடன் மறுத்தார். காலம் இன்னும் வரவில்லை, இறைவனின் ஆணை கிடைக்கும்போது தெரிவிப்பதாகக் கூறினார். கைக்கு எட்டிய பணத்தை மறுப்பதும் துணிவே. தன் உள்ளம் தெளிவடையும் முன்பே பிறர் பொருளைத் தன் முயற்சியில் பணயம் வைக்க அவர் விரும்பவில்லை. பெற்றோரின் வாழ்நாள் சேமிப்பைப் பெற்று, அரைகுறை எண்ணத்துடன் தொழிலில் இறங்கும் இளைஞர் சிந்திக்க வேண்டிய இடம் இது.

4. தன் ஆற்றல் (பௌருஷம்)

ஆற்றல் உண்டா என்பதை நினைத்துப் பார்த்து அறிய முடியாது. செய்து பார்த்தே அறிய வேண்டும். நண்பர்களுடனும் அறிஞர்களுடனும் உரையாடிப் பழகியிருந்த சுவாமிஜிக்கு, ஐரோப்பியர் பலரும் அடங்கிய ஆயிரம் பேர் கொண்ட அவை புதிய அனுபவம். பண்டித ரத்தன் லால் தலைமையில் நடந்த அக்கூட்டத்தில் அவருடைய ஆங்கிலமும் கருத்துவளமும் கேட்டோரை ஈர்த்தன. அவர் அதை ஒரு சோதனையாகத் திட்டமிடவில்லை. நகர மக்கள் திரண்டு வந்து வேண்டியதால் ஏற்றுக்கொண்டார். ஆயினும் பெரிய அடியை எடுத்துவைக்கும் முன் சிறிய அடி ஒன்று எடுத்து வைக்கப்பட்டுவிட்டது. நான்கு நாட்களுக்குப்பின், பிப்ரவரி 17 அன்று அவர் சென்னைக்குப் புறப்பட்டபோது ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் ரயில் நிலையத்தில் வழியனுப்பினர்.

தெளிந்தபின் தயக்கமில்லை

சென்னை திரும்பியபின், குருதேவர் கடல்மீது நடந்து சென்று தம்மைப் பின்தொடருமாறு அழைப்பதாகச் சுவாமிஜி கண்டார். அப்போதும் அன்னை ஸ்ரீசாரதாதேவிக்குக் கடிதம் எழுதி ஆசி வேண்டினார். ஆசி கிடைத்தபின் அவர் தயங்கவில்லை. அளசிங்கர் வீடு வீடாகச் சென்று நிதி திரட்டினார். கேத்ரி மன்னர் அஜித் சிங்கும் உதவினார். 1893 மே 31 அன்று பம்பாயிலிருந்து பெனின்சுலர் கப்பலில் சுவாமிஜி புறப்பட்டார்.

இத்தனை தெளிவு இருந்தும் பயணம் இடரின்றி அமையவில்லை. ஜூலை இறுதியில் சிகாகோவை அடைந்தபோதுதான் பேரவை செப்டம்பரில் தொடங்கும் என்பதும், அறிமுகச் சான்று இல்லாதவர் பிரதிநிதியாக முடியாது என்பதும், பெயர் பதியும் காலம் கடந்துவிட்டது என்பதும் தெரியவந்தன. குளிருக்கேற்ற உடையும் இல்லை. பணமும் விரைந்து கரைந்தது. அனுப்பியவர்களின் ஆர்வம் பெரிது. அவர்களின் உலக அனுபவம் சிறிது. அறிவுள்ள துணிவும் எல்லாவற்றையும் முன்கூட்டியே அறிந்துவிடுவதில்லை.

ஆனால் தவறு தெரிந்தபின் என்ன செய்வது என்பதில் அது வேறுபடுகிறது. சுவாமிஜி நிலையை மறைக்கவில்லை. ஆகஸ்ட் 20 அன்று அளசிங்கருக்கு எழுதிய கடிதத்தில் தம் இடர்களைத் திறந்து கூறினார். செலவு குறைந்த பாஸ்டன் பகுதிக்குச் சென்றார். அங்கே ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட்டின் நட்பு கிடைத்தது. அவரது பரிந்துரைக் கடிதம் பேரவையின் கதவைத் திறந்தது. சிகாகோ திரும்பியபோது முகவரி தொலைந்து, ஓரிரவை ரயில் நிலையச் சரக்குப் பகுதியில் கழிக்க நேர்ந்தது. மறுநாள் திருமதி ஹேல் என்ற பெண்மணி உதவினார். செப்டம்பர் 11 அன்று உலகம் அவரைக் கேட்டது.

சாதகனுக்கு

எல்லோரும் கடல் கடக்க வேண்டியதில்லை. உண்மையைப் பேசுவது, பழைய பகையை விட்டு முதலில் கைநீட்டுவது, தவறான வருவாயைத் துறப்பது, முதிய வயதில் புதியதொன்றைக் கற்கத் தொடங்குவது ஆகிய ஒவ்வொன்றுமே ஒரு கடல்தான். கரையில் நிற்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: எதற்காகச் செல்கிறேன்? எதை இழக்கத் தயார்? யாரை வருத்துவேன்? என் வலிமையை எங்கே சோதித்தேன்? விடை தெளிவாகும்வரை பிரார்த்தனையுடன் காத்திருப்பது கோழைத்தனம் ஆகாது. தெளிந்தபின்னும் கரையிலேயே நிற்பதுதான் கோழைத்தனம்.

பிப்ரவரியில் ஆயிரம் ரூபாயை மறுத்த கரங்களே மே மாதம் பயணச்சீட்டை ஏற்றன. அந்த மறுப்பிலும் இந்த ஏற்பிலும் இருந்தது ஒரே துணிவு.