கூடாரத்துக்கு முன் பாய் வாங்குங்கள்

ஏலகிரி, ஏற்காடு, கொழுக்குமலை, வால்பாறை என்று மலைக்கு மலை இப்போது கூடார முகாம்கள். நீண்ட வார விடுமுறை வந்தால் போதும், அலுவலக நண்பர்களும் குடும்பங்களும் கிளம்பிவிடுகிறார்கள். கூடாரத்தில் தங்கிப் பழக்கமில்லாத வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

நண்பர்கள் நான்கு பேர் ஜனவரியில் கொழுக்குமலை போகிறோம். எல்லோருக்கும் இதுதான் முதல் தடவை. கடைக்குள் நுழைந்தால் எதை எடுப்பது, எதை விடுவது என்றே தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், சென்னை

கடைக்குப் போகும் முன் இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்: போகும் இடத்தின் உயரம், போகும் மாதம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். கொழுக்குமலை இரண்டாயிரம் மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஜனவரியில் அடிவாரத்தில் விடியற்காலை 20 டிகிரி என்றால், மேலே 7 டிகிரிக்குப் பக்கத்தில் எதிர்பார்க்கலாம். காற்று அடித்தால் குளிர் இன்னும் கூடுதலாகத் தெரியும். அதே ஜனவரியில் ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரமுள்ள ஏலகிரியில் இவ்வளவு குளிர் இருக்காது. ஆக, பகல் வெயிலைப் பார்த்துப் பொருள் வாங்கக் கூடாது. விடியற்காலை நான்கு மணிக் குளிரைக் கணக்கில் வைத்து வாங்க வேண்டும்.

அடுத்தது, காசு செலவழிக்கும் வரிசை. முதலில் கீழே விரிப்பது, பிறகு மேலே போர்த்துவது, மூன்றாவதாகக் கூடாரம், நான்காவதாக விளக்கு. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பட்ஜெட்டில் பெரும்பகுதியைக் கூடாரத்துக்குக் கொடுத்துவிட்டு, கடைசியில் மிஞ்சியதில் மெல்லிய பாய் ஒன்றை வாங்கி இரவெல்லாம் நடுங்குகிறார்கள்.

கொழுக்குமலை போன்ற இடங்களில் முகாம் நடத்துபவர்களே கூடாரம் கொடுப்பதுண்டு. பணம் கட்டும் முன்பே பாயும் ஸ்லீப்பிங் பேக்கும் தருவார்களா, துவைத்தவையா என்று கேட்டுவிடுங்கள். பெங்களூரு, சென்னை போன்ற நகரங்களில் இவற்றை வாடகைக்குக் கொடுக்கும் கடைகளும் உண்டு. முதல் பயணத்துக்கு வாடகையே புத்திசாலித்தனம். பிடித்துப்போனால் அடுத்த தடவை சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டில் நல்ல ஜமக்காளம் இருக்கிறது. இரண்டு கம்பளியும் இருக்கிறது. பாய்க்கென்று தனியாக ஏன் செலவு செய்ய வேண்டும்?
– வாசகி, மதுரை

குளிரைத் தடுப்பது துணி என்று நினைக்கிறோம். உண்மையில் தடுப்பது துணி இழைகளுக்குள் சிக்கியிருக்கும் காற்று. படுத்ததும் உடம்பின் எடை அந்த இழைகளை நசுக்கிவிடுகிறது, காற்று வெளியேறிவிடுகிறது. மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும் முதுகுப் பக்கத்துச் சூட்டை ஈரமண் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எவ்வளவு விலை உயர்ந்த ஸ்லீப்பிங் பேக் ஆனாலும் உடம்புக்கு அடியில் இதே கதைதான். அதனால்தான் பாய்க்கு முதல் இடம்.

உடம்பின் எடைக்கு நசுங்காத பாய் வேண்டும். மூடிய காற்றறைகள் கொண்ட ஃபோம் பாய் மலிவானது, தண்ணீர் குடிக்காது, முள் குத்தினாலும் கெடாது. சுருட்டினால் இடத்தை அடைக்கும் என்பது மட்டுமே குறை. காற்றடைக்கும் பாய் மெத்தென்று இருக்கும். ஆனால் நீச்சல் குளத்தில் மிதக்கவிடும் ரகத்தை வாங்கிவிடக் கூடாது. அதற்குள் இருக்கும் காற்று சுழன்று சுழன்று சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும். முகாமுக்கென்று செய்த பாய்களில் 'ஆர் வேல்யூ' என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். எண் கூடக்கூட தரைக் குளிர் குறையும். நம் மலைகளுக்கு 2 முதல் 3 வரை போதும். அதற்கு மேல் போவது பனிமலைக்காரர்களின் தேவை.

ஜமக்காளத்தை வீட்டில் விட்டுவர வேண்டாம். ஃபோம் பாயின் மேல் விரித்தால் வழுக்காது, உறுத்தாது.

ஸ்லீப்பிங் பேக்கில் மூன்று வெப்பநிலைகள் எழுதியிருக்கின்றன. கடைக்காரர் மிகக் குறைந்த எண்ணைக் காட்டி, "இமயமலைக்கே தாங்கும்" என்கிறார். எதை நம்புவது?
– வாசகர், கோயம்புத்தூர்

கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்ற அந்த மூன்று எண்களும் சர்வதேசத் தரநிலைச் சோதனையின்படி போடப்படுபவை. சராசரிப் பெண் ஒருவர் நிம்மதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை கம்ஃபர்ட். சராசரி ஆண் ஒருவர் சுருண்டு படுத்தால் சமாளிக்கக்கூடியது லிமிட். எக்ஸ்ட்ரீம் என்பது தூங்குவதற்கான எண்ணே இல்லை. குளிரில் விறைத்துச் சாகாமல் தப்பிப்பதற்கான கடைசி எல்லை அது. கடைக்காரர் காட்டும் மிகக் குறைந்த எண் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள். ஏலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் கம்ஃபர்ட் 10 டிகிரி உள்ளது போதும். கொழுக்குமலை, ஊட்டி, கொடைக்கானல் பக்கம் டிசம்பர், ஜனவரியில் போவதென்றால் 5 டிகிரி அல்லது அதற்கும் குறைவானது தேவை. ஊட்டியில் அந்த மாதங்களில் உறைபனியே விழுகிறது.

பஞ்சு ரகத்திலும் ஒரு தேர்வு இருக்கிறது. வாத்து இறகு அடைத்தவை எடை குறைந்தவை, சூடு அதிகம், விலையும் அதிகம். ஆனால் நனைந்தால் இறகு கட்டிதட்டி ஒட்டிக்கொள்ளும், சூடு போய்விடும். மூடுபனியும் தூறலும் எப்போது வருமென்று தெரியாத மேற்குத் தொடர்ச்சி மலைக்கு செயற்கை இழை அடைத்ததே பாதுகாப்பு. நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும், வீட்டில் துவைத்துக் காயப்போடலாம்.

இணையத்தில் மிக மலிவாக 'நாலு பேர் கூடாரம்' கிடைக்கிறது. பிரபல கடைகளில் அதே அளவுக்குப் பல மடங்கு விலை. இரண்டுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?
– வாசகர், திருச்சி

முதலில் பார்க்க வேண்டியது, கூடாரம் ஒற்றை அடுக்கா, இரட்டை அடுக்கா என்பது. மலிவானவற்றில் பல ஒற்றை அடுக்கு. கடற்கரையில் வெயிலுக்கு ஒதுங்க ஏற்றவை, இரவு மழைக்கு ஆகாதவை. இரட்டை அடுக்கில் உள்ளே வலைத்துணி அறை ஒன்றும், அதன் மேல் தரை வரை இறங்கும் மழைத்துணி ஒன்றும் தனித்தனியாக இருக்கும். விளம்பரப் படத்தில் உச்சியில் மட்டும் சின்னத் தொப்பி போல ஒரு துணி தெரிந்தால், சாய்ந்து அடிக்கும் மழை நேராக உள்ளே வரும்.

இரண்டாவது, துணி எவ்வளவு நீர் அழுத்தம் தாங்கும் என்பது. இதை மில்லிமீட்டரில் குறிப்பார்கள். 1500 மி.மீ. என்றால், அந்தத் துணியின் மேல் ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் கசியாது என்று பொருள். மழைத்துணிக்கு இது குறைந்தபட்சம், 2000 இருந்தால் நிம்மதி. நம் முட்டியும் முழங்கையும் அழுத்தும் இடம் என்பதால் தரைத்துணிக்கு இன்னும் கூடுதல் வேண்டும். எந்த எண்ணும் குறிப்பிடாத கூடாரத்தை வாங்க வேண்டாம்.

மூன்றாவது, தையல். மழைத்துணியை உட்புறமாகத் திருப்பிப் பாருங்கள். தையல் ஓடும் கோட்டின் மேல் பளபளப்பான பட்டை ஒன்று ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லையென்றால் ஊசித் துளைகள் வழியே மழை சொட்டும்.

'நாலு பேர்' என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நான்கு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, பைகளை வெளியே வைத்துவிட்டுப் படுத்தால் கிடைக்கும் கணக்கு அது. இரண்டு பேருக்கு மூவர் கூடாரம், மூன்று பேருக்கு நால்வர் கூடாரம் என்று ஒன்று கூட்டி வாங்குவதே சரி. எடையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வண்டி போகும் இடத்தில் தங்கப் போகிறவருக்கு ஒரு கிலோ கூடினால் என்ன, குறைந்தால் என்ன? மணிக்கணக்கில் சுமந்து நடப்பவருக்குத்தான் அது பெரிய விஷயம்.

போன மாதம் ஏற்காட்டில் தங்கினோம். மழை பெய்யவே இல்லை. ஆனாலும் காலையில் கூடாரத்தின் உட்பக்கம் முழுக்க ஈரம். கூடாரம் ஓட்டையா?
– வாசகி, நாமக்கல்

ஓட்டை இல்லை. அது உள்ளே தூங்கியவர்களின் மூச்சுக் காற்று. வெளிவிடும் மூச்சில் இருக்கும் நீராவி, குளிர்ந்த துணியில் பட்டுத் துளியாகிவிடுகிறது. குளிருக்குப் பயந்து ஜன்னலையும் கதவையும் இறுக்கி மூடினால் ஈரம் இன்னும் அதிகமாகும். உச்சியில் இருக்கும் காற்றுத் திறப்பை எந்தக் குளிரிலும் மூடக் கூடாது. வலைக்கதவின் ஜிப்பை முழுக்கப் போட்டு, மழைத்துணியின் கதவை மட்டும் மேல்பக்கம் கொஞ்சம் திறந்து வையுங்கள். ஈரத்துணியைக் கூடாரத்துக்குள் காயப்போட வேண்டாம்.

மழைத்துணியும் உள்ளறையும் ஒட்டிக்கொண்டாலும் ஈரம் உள்ளே இறங்கும். நாலாபக்கக் கயிறுகளையும் இழுத்து முளையடித்தால் நடுவில் இடைவெளி கிடைக்கும். முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து இருக்க வேண்டும். கூடாரத்தைப் பார்த்தபடி சாய்த்து அடித்த முளை ஒரு காற்றுக்கே கழன்று வந்துவிடும்.

இதையெல்லாம் மலைக்குப் போய், இருட்டில், டார்ச் வெளிச்சத்தில் கற்றுக்கொள்ளக் கூடாது. புறப்படுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் ஒருமுறை கூடாரத்தை நிறுத்திப் பாருங்கள். அங்கே முளை அடிக்க முடியாது, கயிறுகளைத் தண்ணீர் நிரப்பிய குடங்களில் கட்டிக்கொள்ளலாம். பிறகு ஒருவர் உள்ளே உட்கார, இன்னொருவர் வெளியிலிருந்து குழாய்த் தண்ணீரைத் தையல்கள் மேல் பத்து நிமிடம் அடிக்கட்டும். எங்கே கசிகிறது என்று உள்ளே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். கம்பி ஒன்று குறைகிறது, முளைப் பையையே காணோம் என்பதெல்லாமும் அப்போதே தெரியவரும்.

ரயிலில் போகிறோம். சின்ன கேஸ் அடுப்பு எடுத்துப் போகலாமா? மழை வந்தால் கூடாரத்துக்குள் வைத்துச் சமைக்கலாமா?
– வாசகர், விழுப்புரம்

இரண்டுக்கும் பதில், கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டி ஒன்று தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். சட்டவிரோதமாக எடுத்து வந்த சிலிண்டரால் வந்த தீ அது. கையடக்க கேன் ஆனாலும் கேஸ் கேஸ்தான். ரயிலிலும் விமானத்திலும் அதற்கு அனுமதி இல்லை. 

கூடாரத்துக்குள் அடுப்பு வைத்தால் ஆபத்து இரண்டு. கூடாரத் துணி நொடியில் உருகிப் பற்றும் என்பது ஒன்று. கண்ணுக்குத் தெரியாத, வாசனையும் இல்லாத கார்பன் மோனாக்சைடு மற்றொன்று. மலை விடுதிகளில் குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழாமலே போன செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அணைந்ததுபோல் தெரியும் கரியும் இந்த வாயுவை விடும்.

முதல் முகாமுக்குச் சமையலே வேண்டாம். இரவுக்கு வீட்டிலிருந்து புளியோதரையும் சப்பாத்தியும் கட்டிக்கொண்டு போங்கள். ஃபிளாஸ்கில் வெந்நீர் இருந்தால் காலை காபியும் ஆயிற்று.

குழந்தைகளோடு போகிறோம். யாரும் இல்லாத காட்டோரமாக ஒரு நல்ல இடம் பார்த்துக் கூடாரம் அடிக்கலாம் என்று ஆசை. பாம்பு, யானை பயமும் இருக்கிறது.
– வாசகி, ஈரோடு

யாரும் இல்லாத இடம் என்று தோன்றுவது பெரும்பாலும் காப்புக்காடாகத்தான் இருக்கும். அங்கே அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றம் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 40 பாதைகளோடு தொடங்கியது. பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போகும் அந்தப் பாதைகள் காட்டைப் பகலில் பார்த்துப் பழக நல்ல வழி. இரவு தங்க, ஊரை ஒட்டி, கழிப்பறையும் இரவுக் காவலும் உள்ள முகாமாகப் பாருங்கள். ஊட்டி, கொடைக்கானல் போவதென்றால் இ-பாஸ் எடுக்க மறக்க வேண்டாம்.

முகாம் என்று பலகை மாட்டியிருந்தால் மட்டும் போதாது. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில் தனியார் விடுதி ஒன்றின் கூடாரத்தில் தங்கியிருந்த பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. யானை வழித்தடம் பக்கத்தில் இருக்கிறதா, போன வாரம் யானை வந்ததா என்று முகாம்காரரிடமும் கேளுங்கள், பக்கத்து டீக்கடையிலும் கேளுங்கள். வாழைப்பழம், பலாப்பழம், அரிசி, உப்பு எதையும் கூடாரத்தில் வைக்காமல் வண்டிக்குள் பூட்டிவிடுங்கள்.

பாம்புக்கு நான்கு பழக்கங்கள் போதும். வலைக்கதவின் ஜிப் எந்நேரமும் மூடியிருக்க வேண்டும். செருப்பும் ஷூவும் உள்ளே இருக்க வேண்டும், காலையில் உதறிவிட்டுத்தான் போட வேண்டும். இருட்டில் டார்ச் இல்லாமல் ஓரடியும் வைக்கக் கூடாது. விறகையும் கல்லையும் வெறும் கையால் புரட்டக் கூடாது. அதையும் மீறிக் கடித்துவிட்டால் கீறுவதோ, உறிஞ்சுவதோ, இறுக்கிக் கட்டுவதோ வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கிளம்பும் முன்பே அது எங்கே இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள். முகாமில் சிக்னல் கிடைக்குமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

விளக்கில் கஞ்சம் பிடிக்க வேண்டாம். தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கு ஒன்று இருந்தால் கழிப்பறைக்குப் போகும்போது குழந்தையைப் பிடிக்க ஒரு கை மிஞ்சும்.

திரும்பி வந்த பிறகு கூடாரத்தை எப்படிப் பராமரிப்பது?
– வாசகர், சிவகாசி

அன்றே பிரித்து, நிழலில் முழுக்கக் காயவிட வேண்டும். ஈரத்தோடு மடித்து வைத்தால் சில நாட்களில் பூஞ்சை பிடிக்கும். உட்பக்க நீர்காப்புப் பூச்சும் பிசுபிசுத்து உரியத் தொடங்கும். அழுக்கை வெறும் தண்ணீரும் ஸ்பாஞ்சும் கொண்டு துடையுங்கள், வாஷிங் மெஷினில் போட வேண்டாம். ஸ்லீப்பிங் பேக்கை அதன் சின்னப் பையில் மாதக்கணக்கில் திணித்து வைக்காமல், பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டு வையுங்கள். நசுங்கியே கிடந்தால் உள்ளே இருக்கும் இழைகள் உப்பும் தன்மையை இழந்துவிடும், கம்ஃபர்ட் 10 என்று வாங்கியது அடுத்த ஜனவரியில் அந்தக் குளிரைத் தாங்காது.