உனக்கு அங்கே என்ன வேலை?

அன்புள்ள கயல்,

ஆகஸ்ட் முழுக்க எடின்பரோவிலேயே இருக்கப்போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். ஃப்ரிஞ்ச் விழாவில் நாடகம் பார்க்க ஆசை, புரியாமல் விழிப்போமோ என்று தயக்கம் என்றும் சொன்னாள். அந்தத் தயக்கத்தை விட்டுவிடு. சோதனை நாடகத்துக்குப் போகும்போது ‘இதற்கு என்ன அர்த்தம்’ என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தால் தலைவலிதான் மிஞ்சும். ‘இங்கே எனக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள்’ என்று கேட்டுப் பார். சபா நாடகத்தில் நம் வேலை முடிவானது: இருட்டில் உட்கார வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, முடிந்ததும் கை தட்ட வேண்டும். இந்த ஏற்பாட்டில் எதையாவது ஒன்றை எடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பவர்களைத்தான் நீ தேடிப் போகிறாய்.

அந்த ஊர் விழாவே அப்படி ஒரு மீறலில் பிறந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1947-ல், எடின்பரோவில் சர்வதேசக் கலை விழா ஒன்றைத் தொடங்கினார்கள். அழைப்பே இல்லாமல் எட்டு நாடகக் குழுக்கள் வந்து இறங்கின. ஆறு ஸ்காட்லாந்துக்காரர்களுடையவை, இரண்டு இங்கிலாந்துக்காரர்களுடையவை. அதில் ஒரு குழுவுக்குக் கிடைத்த இடம் எடின்பரோவிலேயே இல்லை. கடல் கழிமுகத்துக்கு அக்கரையில் டன்ஃபர்ம்லினில் ஆடினார்கள்! விழாவின் ஓரத்தில் நடப்பது என்று அடுத்த ஆண்டு ராபர்ட் கெம்ப் ஒரு பத்திரிகையில் எழுத, ஃப்ரிஞ்ச் என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1958-ல் அதற்கென ஒரு சங்கம் வந்தது. யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை, யாரையும் தடுப்பதில்லை என்பது அதன் கொள்கை. இடம் பிடித்து, செலவைத் தாங்க முடிந்தவர் எவரும் ஆடலாம். இப்போது ஓர் ஆகஸ்டில் 3,000-க்கும் மேல் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. குப்பை நிறைய இருக்கும், சொல்லிவிட்டேன்.

செலவைத் தாங்குவது என்றேனே, அதைக் கொஞ்சம் கவனி. அரங்குக்கு வாடகையோ வசூலில் பங்கோ கொடுக்க வேண்டும். தங்குமிடத்துக்கு ஆகஸ்டில் அந்த ஊர் கேட்கும் வாடகை உனக்கே தெரியும். ஒரே அறையில் காலை முதல் நள்ளிரவு வரை ஒரு குழு மாற்றி ஒரு குழு ஆடும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம். முடிந்த சில நிமிடங்களில் செட்டைப் பிரித்து வெளியேற வேண்டும், அடுத்த குழு வாசலில் நிற்கும். ஒற்றை நடிகர், ஒற்றை நாற்காலி, ஒரு பெட்டிக்குள் அடங்கும் சாமான் என்று இத்தனை ஆட்டங்களை நீ பார்க்கப்போவது அழகியல் தேர்வினால் மட்டும் என்று நம்பிவிடாதே. கணக்குப் புத்தகமும் சேர்ந்து எழுதிய வடிவம் அது. நல்ல கலைஞர்கள் அந்த நெருக்கடியையே ஆட்டத்தின் விதியாக்கிவிடுகிறார்கள்.

இதற்கு நான் அறிந்த சிறந்த உதாரணம் ஈரானைச் சேர்ந்த நசீம் சுலைமான்பூர் எழுதிய ‘வெள்ளை முயல் சிவப்பு முயல்’. கட்டாய ராணுவ சேவைக்குப் போக மறுத்ததால் அப்போது அவருக்குப் பாஸ்போர்ட் கிடையாது. நாட்டை விட்டு வெளியேற முடியாத ஆள், தான் போக முடியாத ஊர்களுக்குத் தன் பிரதியை அனுப்பினார். இயக்குநர் இல்லை, ஒத்திகை இல்லை. நடிகர் மேடையேறிய பிறகுதான் ஒட்டிய உறையை அவர் கையில் கொடுப்பார்கள். அதில் என்ன இருக்கிறதென்று அவருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. ஒவ்வொரு முறையும் புது நடிகர், ஏனென்றால் ஒருமுறை படித்தவர் மறுபடி படிக்க முடியாது. எழுதியவருக்கென்று ஓர் இருக்கையைக் காலியாக விடுவார்கள். 2011-ல் எடின்பரோவில் ஆடப்பட்டது. தன் நாடகத்தை அவரே முதன்முதலாக நேரில் பார்த்தது 2013-ல், பாஸ்போர்ட் கிடைத்த பிறகு, பிரிஸ்பேனில். எங்கோ இருக்கும் ஒருவரின் கட்டளைக்குக் கண்ணெதிரே இருக்கும் ஒருவர் கீழ்ப்படிவதையும், நாமும் கூடவே கீழ்ப்படிவதையும் வைத்து ஆடும் ஆட்டம் அது. இதற்கு மேல் சொன்னால் கெட்டுப்போகும்.

டிம் கிரவுச்சின் ‘ஓர் ஓக் மரம்’ இதற்குப் பங்காளி முறை. 2005-ல் டிராவர்ஸ் அரங்கில் ஆடினார்கள். மேடையில் இரண்டே பேர். ஒருவர் கிரவுச்; ஒரு சிறுமியின் மேல் காரை ஏற்றிவிட்ட மனோவசியக்காரராக வருவார். இன்னொருவர் அந்தச் சிறுமியின் தந்தை. தந்தையாக நடிப்பவர் ஒவ்வொரு காட்சிக்கும் வேறு ஆள். நாடகத்தைப் பார்த்திருக்கவும் கூடாது, படித்திருக்கவும் கூடாது. காதில் மாட்டிய கருவியிலும் கையில் தரும் தாள்களிலும் வசனம் வரும். துக்கத்தில் தடுமாறும் தந்தையையும், அடுத்து என்னவென்று தெரியாமல் தடுமாறும் நடிகரையும் நீ ஒரே உடம்பில் பார்க்கிறாய். எது நடிப்பு, எது நிஜம் என்று பிரிக்க மனம் படாதபாடு படும். நம் ஊர் ஆட்கள் சிலர் இதைக் கேட்டதும், கட்டியங்காரன் பார்வையாளரோடு பேசவில்லையா, நம் கூத்தில் இல்லாததா என்பார்கள். பேசினான்தான். ஆனால் கூத்தின் விதி, பார்க்கும் ஊருக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். இங்கே உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் விதியே பிடிபடும். இரண்டும் வேறு வேறு இன்பங்கள்.

டிராவர்ஸ் பற்றி இரண்டு வார்த்தை. 1963 ஜனவரியில், முன்பு விபசார விடுதியாக இருந்த கட்டடத்தில், நடுவே மேடை, இரு பக்கமும் எதிரெதிராக இருக்கைகள் என்று தொடங்கினார்கள். இரண்டாம் நாளே சார்த்தரின் நாடகத்தில் கத்தி நிஜமாகவே இறங்கி, நடிகை ஒருவர் காயப்பட்டார். அப்போது பிரிட்டனில் நாடகத்தை மேடையேற்றுமுன் அரசின் தணிக்கை அனுமதி வேண்டும். 1968 வரை அந்த வழக்கம் நீடித்தது. டிராவர்ஸ் உறுப்பினர் மட்டும் வரும் கிளப் என்ற பெயரில் அதிலிருந்து நழுவியது. தமிழ்நாட்டிலோ, நடிகர் எம்.ஆர்.ராதாவைக் குறிவைத்து வந்த 1954-ஆம் ஆண்டு நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள், பரீக்ஷா ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல்தான் செல்லாதென்று ஆயின. நாம் கொஞ்சம் தாமதம்.

டிராவர்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் டெமார்கோதான் போலந்து நாடக இயக்குநர் ததேயுஷ் காண்டோரை 1972-ல் எடின்பரோவுக்குக் கொண்டுவந்தார். பழைய ஏழைகள் விடுதி ஒன்றில் ஆட்டம். 1976-ல் மறுபடி வந்தபோது ‘இறந்த வகுப்பு’. கிழவர்களும் கிழவிகளும் தங்கள் சிறுவயது உருவங்களைப் பொம்மைகளாகச் சுமந்துகொண்டு பள்ளிக்கூட பெஞ்சுக்குத் திரும்பி வருகிறார்கள். காண்டோர் மேடையிலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வப்போது கையசைத்து நடத்துவார். இதன் ஒளிப்பதிவு கிடைத்தால் விழாவுக்கு முன்பே பார்த்துவிடு. இன்றைக்குப் புதுமை என்று விற்கப்படும் பலவற்றின் தாத்தா யார் என்று தெரியும்.

இனி எச்சரிக்கை. பெல்ஜியத்தின் கென்ட் நகரத்துக் குழு ஒன்ட்ரூரெண்ட் ஹூட், 2007-ல் ஒரு சமயத்தில் ஒரே ஒரு பார்வையாளரின் கண்ணையும் கையையும் கட்டி, சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய் ஆடிக்காட்டியது. காட்சியைப் பறித்துவிட்டு மணம், தொடுகை, குரல் ஆகியவற்றைக் கொண்டே ஒரு நாடகம். இதை நான் மதிக்கிறேன். எதைத் தருகிறோம் என்று தெரிந்தே நாற்காலியில் உட்காருகிறோம். அதே குழு 2011-ல் பார்வையாளர்களை நோக்கிக் கேமராவைத் திருப்பி, ஒரு பெண்ணைக் குறிவைத்து அவமானப்படுத்தி, மற்றவர்கள் தடுக்கிறார்களா என்று பார்த்தது. பெரிய சர்ச்சையானது. கூட்டத்தின் கோழைத்தனத்தைக் காட்டுகிறோம் என்பது அவர்கள் வாதம். அதற்கு ஒருத்தியைப் பலியாக்குவது மலிவான வழி என்பது என் கட்சி. நீ வேறு மாதிரி நினைக்கலாம். ஆனால் உனக்குக் கொடுத்த வேலை பிடிக்கவில்லை என்றால் எழுந்து வெளியே வந்துவிடு. வெட்கப்பட ஒன்றுமில்லை, அதுவும் ஒரு பார்வையாளர் செய்யும் வேலைதான்.

நட்சத்திர மதிப்பெண்களைப் பார்த்து ஓடாதே. ராயல் மைல் தெருவில் நடிகர்களே துண்டுப்பிரசுரம் நீட்டுவார்கள். வாங்கிக்கொண்டு, உங்கள் நாடகத்தில் நான் என்ன செய்ய வேண்டும் என்று நேரடியாகக் கேள். பதில் சொல்லும்போது முகம் மலர்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். பார்த்து முடித்ததும் விமர்சனம் எதையும் படிக்குமுன், எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாய், எங்கே பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்தாய், எப்போது கடிகாரத்தைப் பார்த்தாய் என்று நோட்டில் குறித்து வை. ‘பிடித்தது, பிடிக்கவில்லை’ என்று எழுதாதே, அது எனக்கு உதவாது.

டிக்கெட் இல்லாத ஆட்டங்களும் உண்டு. முடிவில் நடிகரே வாளியை ஏந்திக்கொண்டு வாசலில் நிற்பார். சும்மா நழுவி வராதே. சில்லறையும் போடாதே, நோட்டாகப் போடு. உன் கணக்குக்குக் கொஞ்சம் பணம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், அது அந்த வாளிக்கு.

அன்புடன்,
மாமா