கிணற்று நீரும் ஆய்வுக்கூடத் தொட்டியும்

ஊர்க் கிணற்றில் மலக்கழிவு கலந்துள்ளதா என்பதைக் கண்ணால் காண இயலாது. கோலிபார்ம் கிருமிகள் மண்ணிலும் உள, குடலிலும் உள. குடலைச் சார்ந்தவையோ 44.5 டிகிரி செல்சியஸிலும் பெருகி வாயுவை வெளிவிடும்; ஏனையவற்றுள் பெரும்பாலானவை அவ்வெப்பத்தில் ஒடுங்கிவிடும். ஆகவே, முதற்சோதனையில் வாயு தோன்றிய குழாய்களிலிருந்து புதுக்கரைசலில் இட்டு, அக்குழாய்களை 24 மணி நேரம் வெந்நீர்த் தொட்டியில் நிறுத்துகின்றனர். வெப்பம் 0.2 டிகிரிக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. காற்றினும் நீரே வெப்பத்தைச் சீராகக் காக்கும். தெர்மோஸ்டாட் என்னும் கருவி வெப்பம் குறையின் மின்சாரத்தைச் செலுத்தும், மிகின் நிறுத்தும். தொட்டி நீர், குழாயிலுள்ள கரைசலின் மட்டத்திற்கு மேல் நிற்றல் வேண்டும்.

நாம் செய்ய வேண்டுவது, மாதிரி நீரைக் கிருமி நீக்கிய புட்டியில் எடுத்துப் பனிக்கட்டிப் பெட்டியில் அன்றே சேர்ப்பித்தலாகும். குளோரின் இட்ட நீராயின், அதனை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் இட்ட புட்டியை ஆய்வுக்கூடத்தாரிடமே முன்கூட்டிக் கேட்டுப் பெறுக.